மெக்மின்வில் 1950: இரண்டு நெகட்டிவ், ஒரு சுவர், ஒரு கம்பி

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மெக்மின்வில் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து தென்மேற்கே சுமார் பத்து மைல் தள்ளி ஒரு பண்ணை வீடு. 1950 மே 11 அன்று பொழுது சாயும் நேரம், மணி ஏழரை, ஏழே முக்கால் இருக்கும். அந்த வீட்டுக்காரர் பால் ட்ரென்ட் கொல்லைப்புறத்தில் நின்று வானத்தை நோக்கி இரண்டு படம் எடுத்தார். தட்டையான அடிப்பாகம், மேலே சற்று ஓரமாக ஒரு சிறு கொண்டை, வெள்ளி நிறம் என்று ஒரு பறக்கும் தட்டு அந்த இரண்டிலும் தெளிவாக விழுந்திருக்கிறது.

நான் பத்தாண்டுக்கு மேல் ஸ்டூடியோ இருட்டறையில் ஃபிலிம் கழுவிப் பிரிண்ட் போட்டவன். பறக்கும் தட்டுப் படம் என்று வருபவற்றில் பெரும்பாலானவற்றை எடுத்ததும் கீழே வைத்துவிடலாம். விளக்கொளியின் பிரதிபலிப்பாக இருக்கும், கை ஆடிய படமாக இருக்கும், பறவையாக இருக்கும். இந்த இரண்டு படங்கள் அப்படிப்பட்டவை அல்ல. கூர்மையான படங்கள், பொருத்திப் பார்க்கக் கட்டடமும் கம்பியும் உள்ள படங்கள், மூல நெகட்டிவ் கிடைத்து அறிவியலாளர்கள் கையில் அளக்கப்பட்ட படங்கள். அதனால்தான் இந்த வழக்கை முழுதாக எழுதிவைக்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று நடந்ததாக அவர்கள் சொன்னது

ஈவ்லின் ட்ரென்ட் வீட்டுக்குப் பின்னால் முயல்களுக்குத் தீனி வைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். வடகிழக்குப் பக்கம் வானத்தில் தட்டு வடிவத்தில் ஏதோ ஒன்று மெதுவாக வருவதைப் பார்த்து, வீட்டுக்குள் இருந்த கணவரைக் கூப்பிட்டார். கேமரா காரில் இருப்பதாக நினைத்து அவர் வெளியே ஓட, இல்லை, வீட்டுக்குள்தான் இருக்கிறது என்று மனைவி சொல்ல, எடுத்துவந்து ஒரு படம் எடுத்தார். ஃபிலிமைச் சுற்றிக்கொண்டே வலப்பக்கம் சில அடி நகர்ந்து இன்னொரு படம். இரண்டுக்கும் நடுவில் அரை நிமிடம்கூட ஆகியிருக்காது என்றார்கள். சத்தம் இல்லை, புகை இல்லை. அது சற்றே சாய்ந்து தெரிந்தது, பிறகு மேற்கு நோக்கிப் போய் மறைந்துவிட்டது.

அடுத்து நடந்ததுதான் கேட்பவரை நம்பவைக்கிறது. அவர்கள் உடனே ஸ்டூடியோவுக்கு ஓடவில்லை. ரோலில் இன்னும் சில படங்கள் மீதி இருந்தன. அடுத்த ஞாயிறு அன்னையர் தினம். குடும்பப் படங்கள் எடுத்து ரோலை முடித்த பிறகே உள்ளூர்க் கடையில் கழுவக் கொடுத்தார்கள். பால் தன் வங்கிக்காரரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொல்ல, வங்கியின் முகப்புக் கண்ணாடியில் அந்தப் படங்கள் வைக்கப்பட்டன. உள்ளூர்ச் செய்தித்தாளான டெலிஃபோன்-ரெஜிஸ்டரின் நிருபர் பில் பவல் அதைக் கேள்விப்பட்டு வீடு தேடி வந்தபோது, நெகட்டிவ் சோபாவுக்கு அடியில் தரையில் கிடந்தது. பிள்ளைகள் அதை வைத்து விளையாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பணத்துக்காகப் போலி செய்தவர்கள் நெகட்டிவை இப்படிப் போட்டுவைப்பார்களா என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

ஏன் வெளியில் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, அது இராணுவத்தின் இரகசியமாக இருக்கலாம், அரசாங்கத்திடம் மாட்டிக்கொள்வோமோ என்று பயந்தோம் என்றார் பால். அந்தக் காலத்தை நினைத்துப் பார்த்தால் இதுவும் பொருந்துகிறது. பக்கத்து மாநிலமான வாஷிங்டனில் 1947 ஜூன் 24 அன்று கென்னத் ஆர்னால்ட் என்ற விமானி ரெய்னியர் மலையருகே ஒன்பது பொருள்கள் பறந்ததாகச் சொன்னதிலிருந்துதான் ‘பறக்கும் தட்டு’ என்ற சொல்லே பிறந்தது. மூன்றாண்டில் அது நாடு முழுக்கப் பரவியிருந்தது.

1950 ஜூன் 8 அன்று படங்கள் அச்சில் வந்தன. நெகட்டிவில் கைவைத்த அடையாளம் இல்லை என்று தேர்ந்த புகைப்படக்காரர்கள் சொன்னதாகவும், அதனால் இவை மெய்யானவை என்று நம்புவதாகவும் பத்திரிகை எழுதியது. ஜூன் 26 தேதியிட்ட லைஃப் இதழில் வந்த பிறகு உலகமே பார்த்தது. நெகட்டிவ் மட்டும் ட்ரென்ட் வீட்டுக்குத் திரும்பவில்லை. எங்கோ தவறிவிட்டது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது.

கைவைக்காத நெகட்டிவ் எதைக் காட்டும்?

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இப்படிப்பட்ட வழக்குகளில் மிகுதியாகக் குழப்பம் வருவது இங்கேதான்.

நெகட்டிவில் கைவைக்கவில்லை என்றால் என்ன பொருள்? ஒரே ஃபிரேமில் இரண்டு முறை எடுக்கவில்லை, மேலே வரையவில்லை, சுரண்டவில்லை, இரண்டு நெகட்டிவை ஒட்டிப் பிரிண்ட் போடவில்லை. அவ்வளவுதான். கேமராவுக்கு முன்னால் அந்த நேரத்தில் ஒரு பொருள் உண்மையாகவே இருந்தது என்பதை அது சொல்கிறது. அந்தப் பொருள் ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருந்த பெரிய கலமா, ஐந்து மீட்டர் தொலைவில் தொங்கிய சின்னப் பொம்மையா என்பதைச் சொல்லாது. லென்ஸுக்குக் கோணம்தான் தெரியும், தூரம் தெரியாது. நிலாவை விரலால் மறைத்துவிடலாம் என்பது குழந்தைக்கும் தெரிந்த கணக்கு.

பெல்ஜியத்தில் 1990 ஏப்ரலில் பெட்டி-ரெஷாங் என்ற ஊரில் எடுக்கப்பட்ட முக்கோணக் கலத்தின் ஸ்லைடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்த ஸ்லைடில் ஒட்டுவேலை எதுவும் அகப்படவில்லை. கற்றவர்கள் பலர் இருபது ஆண்டுகள் அதைச் சிறந்த சான்றாகவே வைத்திருந்தார்கள். 2011இல் அதை எடுத்தவரே முன்வந்து, தெர்மாகோல் பலகையை முக்கோணமாக வெட்டி, பெயிண்ட் அடித்து, விளக்கு பொருத்தித் தொங்கவிட்டதாக ஒப்புக்கொண்டார். ஸ்லைடில் மோசடி இல்லை, ஸ்லைடுக்கு முன்னால் இருந்தது மோசடி.

ஆகவே மெக்மின்வில்லிலும் கேட்க வேண்டியது ஒன்றுதான். அந்தப் பொருள் எவ்வளவு தூரத்தில் இருந்தது?

ஹார்ட்மன் அளந்தது

1966இல் அமெரிக்க விமானப்படை, கொலராடோ பல்கலைக்கழகத்துக்குப் பணம் கொடுத்துப் பறக்கும் தட்டு விவகாரத்தை ஆராயச் சொன்னது. தலைவர் எட்வர்ட் கான்டன் என்ற இயற்பியலாளர். படச் சான்றுகளை ஆராயும் வேலையைப் பெரும்பாலும் செய்தவர் வில்லியம் ஹார்ட்மன் என்ற இளம் வானியலாளர். பின்னாளில், 1975இல், பெரிய வான்பொருள் ஒன்று பூமியில் மோதித் தெறித்த துகள்களிலிருந்தே நிலா உருவானது என்ற கருத்தை டொனால்ட் டேவிஸுடன் சேர்ந்து முன்வைத்தவரும் இவரே. அப்படிப்பட்டவர் இந்த நெகட்டிவ்களைக் கையில் எடுத்தார் என்பது இந்த வழக்கின் அதிர்ஷ்டம்.

தொலைந்துபோனதாகச் சொல்லப்பட்ட நெகட்டிவ்கள் 1967இல் யுனைடெட் பிரஸ் இன்டர்நேஷனல் செய்தி நிறுவனத்தின் கோப்புகளில் கிடைத்தன. ஹார்ட்மன் பண்ணைக்கே போய் ட்ரென்ட் தம்பதியரிடம் பேசினார், படம் எடுத்த இடத்தைப் பார்த்தார், பிறகு நெகட்டிவின் கருமையையும் வெளுப்பையும் கருவியால் அளக்கும் ஒளியளவையைத் தொடங்கினார்.

அவருடைய கணக்கின் அடிப்படை எளிமையானது. தென்காசியில் நின்று மேற்கே பாருங்கள். கிட்டத்தில் உள்ள குன்று கரும்பச்சையாக இருக்கும், அதற்குப் பின்னால் இருப்பது மங்கிய நீலம், அதற்கும் அப்பால் உள்ளது வானத்தோடு கரைந்த சாம்பல். மலை மாறவில்லை. நடுவில் உள்ள காற்றும் தூசியும் ஈரமும் ஒளியைச் சிதறடித்து நம் கண்ணுக்குள் அனுப்புகின்றன. ஒரு பொருளின் நிழல் பக்கம் எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு வெளுத்துத் தெரியும். அதனால் அருகில் உள்ள ஒரு கரும்பொருளின் நிழல் பாகத்தையும், தூரம் தெரிந்த ஒரு மலையையும் நெகட்டிவில் அளந்துவிட்டால், நடுவில் உள்ள பொருளின் தூரத்தை ஓரளவு சொல்லிவிடலாம்.

படத்தில் கார் ஷெட்டை ஒட்டி ஓர் எண்ணெய் டேங்க் இருக்கிறது. அதன் நிழல் விழுந்த அடிப்பக்கத்தைவிடத் தட்டின் நிழல் விழுந்த அடிப்பக்கம் வெளுப்பாக இருப்பதை ஹார்ட்மன் அளந்தார். அந்த வெளுப்பு காற்றினால் வந்தது என்றால் தட்டு சுமார் 1.3 கிலோமீட்டர் தூரத்தில் இருந்திருக்க வேண்டும். அந்தத் தூரத்தில் அதன் விட்டம் பல பத்து மீட்டர்.

1969இல் வெளியான அறிக்கையில் இது 46ஆம் வழக்கு. ஆராய்ந்த எல்லா அம்சங்களும், வடிவியலும் உளவியலும் இயற்பியலும், வெள்ளி நிறத்தில் பல பத்து மீட்டர் விட்டமுள்ள, செயற்கையான, அசாதாரணமான ஒரு பொருள் இரண்டு சாட்சிகளின் கண் முன்னால் பறந்தது என்ற கூற்றோடு பொருந்துகிற மிகச் சில வழக்குகளில் இது ஒன்று என்று எழுதினார். பறக்கும் தட்டு ஆராய்ச்சியால் அறிவியலுக்குப் பயனில்லை என்று முடித்த அதே அறிக்கைக்குள் இப்படி ஒரு பத்தி! நம்புகிறவர்கள் இன்றுவரை காட்டுவது இதைத்தான்.

ஆனால் ஹார்ட்மன் நேர்மையானவர். போலி என்பதற்கான வாய்ப்பை முழுதாக ஒதுக்கிவிட முடியாது என்று அதே இடத்தில் எழுதினார். காரணத்தையும் சொன்னார். இரண்டு படத்திலும் மேலே இரண்டு கம்பிகள் குறுக்கே போகின்றன. பால் இடம் மாறி நின்று எடுத்திருக்கிறார். ஆனாலும் தட்டு இரண்டு படத்திலும் கம்பியின் ஏறத்தாழ ஒரே புள்ளிக்குக் கீழேதான் இருக்கிறது.

இதை யாரும் அவசரமாகக் கடந்துபோகக் கூடாது. ஜன்னல் கம்பியின் ஊடே தெருமுனைக் கோபுரத்தைப் பாருங்கள். ஓர் அடி நகர்ந்து மறுபடியும் பாருங்கள். கோபுரம் வேறு கம்பிக்கு நேராக வந்துவிடும். கிட்டத்துப் பொருளும் தூரத்துப் பொருளும் நாம் நகரும்போது ஒன்றாக நகராது. தூரத்தில், அதுவும் பறந்துகொண்டிருந்த ஒரு கலம், எடுப்பவர் நகர்ந்ததற்குச் சரியாக ஈடுகொடுத்து அதே கம்பிப் புள்ளிக்குக் கீழே வந்து நின்றது என்றால், அது தற்செயல். கம்பியிலிருந்து தொங்கியது என்றால், தற்செயலுக்கு வேலையே இல்லை.

சுவரில் விழுந்த நிழல்

என்னைப் பொறுத்தவரை இந்த வழக்கின் நெஞ்சு தட்டில் இல்லை, கார் ஷெட் சுவரில் இருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ராபர்ட் ஷேஃபர் என்ற ஆய்வாளர் தட்டை விட்டுவிட்டுப் பின்னணியைப் பார்த்தார். ஷெட்டின் கிழக்குச் சுவரில், கூரை விளிம்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கைமரங்களின் நிழல் விழுந்திருக்கிறது. கிழக்குச் சுவரில் நிழல் விழ வேண்டுமானால் வெளிச்சம் கிழக்கிலிருந்து வர வேண்டும். மே மாத மாலை ஏழரை மணிக்கு ஒரிகனில் சூரியன் வடமேற்கை ஒட்டித் தாழ்ந்து கிடக்கும். அந்தச் சுவரில் அதன் கதிர் படவே படாது. நிழலின் சாய்வைக் கணக்கிட்டால் சூரியன் இருந்த இடம் கிழக்கில், நேரம் காலை ஏழரை வாக்கில் என்று ஷேஃபர் சொன்னார். விமானத்துறை இதழாளரான ஃபிலிப் கிளாஸ் இதை எடுத்துக்கொண்டு விரிவாக எழுதினார்.

இருட்டறையில் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பாடமும் இதுதான். கல்யாணப் படத்தில் நேரத்தைத் தெரிந்துகொள்ள மாப்பிள்ளை முகத்தைப் பார்க்காதே, பந்தல் கால் நிழலைப் பார். எடுப்பவர் கவனம் வைத்த இடத்தில் எதையும் ஒழுங்குபடுத்தலாம். அவர் கவனிக்காத ஓரத்தில் உண்மை தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

காலையில் எடுத்தால் என்ன, மாலையில் எடுத்தால் என்ன, தட்டு தட்டுதானே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நேரம் மாறினால் மட்டும் அது போலி ஆகிவிடாது. ஆனால் சாட்சிகள் சொன்ன கதையில் மாலை என்பது சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் விவரம் இல்லை. அந்தி வேலைகள் முடிகிற நேரம், கணவர் வீட்டுக்குள் இருந்தது என்று எல்லாமே அந்த நேரத்தோடு பின்னியிருக்கிறது. அரை நாள் பிசகுவது மறதி இல்லை. அதோடு, கிராமத்துப் பண்ணையில் காலை ஏழரை மணிக்கு வயலில் வேலை செய்கிற அக்கம்பக்கத்தார் பலர் இருப்பார்கள். அப்படி ஒரு பெரிய வெள்ளித் தட்டு மிதந்ததை வேறு யாரும் ஏன் பார்க்கவில்லை என்ற கேள்வி வரும். மாலை என்று சொன்னால் அந்தக் கேள்வி குறையும் என்பது கிளாஸின் வாதம். அந்த உள்நோக்கத்தை அவர்கள்மேல் சுமத்த நான் விரும்பவில்லை. நிழல் மட்டும் எனக்குப் போதும்.

ஷேஃபர் இன்னொன்றையும் சொன்னார். லென்ஸில் விரல் எண்ணெயோ அழுக்கோ படிந்திருந்தால் வானத்தின் ஒளி லென்ஸுக்குள் சிதறி, படத்தின் கரும்பகுதிகளின்மேல் மெல்லிய வெண்திரை போலப் படியும். பிரகாசமான வானத்தால் சூழப்பட்ட ஒரு சிறு கரும்பொருளின்மேல் அது கூடுதலாகப் படியும். அப்படியென்றால் ஹார்ட்மன் அளந்த வெளுப்பு 1.3 கிலோமீட்டர் காற்றினால் வந்ததாக இருக்க வேண்டியதில்லை, அழுக்கு லென்ஸினால் வந்திருக்கலாம். வீட்டில் காரிலும் அலமாரியிலும் மாறி மாறிக் கிடந்த ஒரு கேமராவின் லென்ஸ் துடைத்துவைத்ததுபோல் சுத்தமாக இருந்தது என்று நான் நம்பமாட்டேன். ஸ்டூடியோவுக்கு வரும் குடும்பக் கேமராக்களின் லென்ஸைத் துடைத்துத் துடைத்துச் சலித்தவன் நான்.

ஹார்ட்மன் இந்த வாதத்தைப் பார்த்த பிறகு தன் நிலையை மாற்றிக்கொண்டார். தட்டு வடிவக் கலங்கள் உண்டு என்பதற்கான சான்றுகளின் பட்டியலிலிருந்து ஷேஃபரின் வேலை இந்த வழக்கை நீக்கிவிட்டதாக ஏற்றுக்கொண்டார். நம்புகிறவர்கள் 46ஆம் வழக்கின் பத்தியைக் காட்டும்போது இதையும் சேர்த்துக் காட்டுவதில்லை. அது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது, ஏனென்றால் ஹார்ட்மனை மதிக்க வேண்டிய காரணமே இதுதான்.

மெக்கபியின் பதில்

புரூஸ் மெக்கபி அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய ஒளியியல் இயற்பியலாளர். இந்த வழக்கில் அவருக்கு நன்றி சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. செய்தி நிறுவனம் திருப்பி அனுப்பிய நெகட்டிவ்கள் மெக்மின்வில் செய்தித்தாள் அலுவலகத்திலேயே கிடந்தன. வீட்டுக்காரர்களுக்கே தெரியாது. 1975இல் மெக்கபி அவற்றைக் கண்டுபிடித்து, ஆராய்ந்து, ட்ரென்ட் குடும்பத்துக்குக் கிடைக்கும்படி செய்தார். கால் நூற்றாண்டு கழித்து உரியவர் கைக்குப் போனது.

அவருடைய அளவீடு ஹார்ட்மனுடையதைவிட நுணுக்கமானது. லென்ஸ் சிதறலையும் கணக்கில் சேர்த்த பிறகும் பொருள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியே இருந்திருக்க வேண்டும் என்றார். சுவர் நிழலுக்கு அவர் சொன்ன விளக்கம், மறையும் சூரியனின் ஒளி கிழக்கே நின்ற ஒரு பிரகாசமான மேகத்தின்மேல் பட்டுத் திரும்பி வந்து அந்த நிழலைப் போட்டிருக்கலாம் என்பது.

முடியாதது என்று சொல்லமாட்டேன். மாலையில் கிழக்கே திரண்ட மேகம் பொன்னாகச் சுடர்வதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த வெளிச்சத்தில் முகம்கூட மஞ்சளாகத் தெரியும். ஆனால் நிழல் வேறு விஷயம். அகலமான ஒளி மூலம் கூர்மையான நிழலைத் தராது. குழல்விளக்கின் கீழே பென்சிலைப் பிடித்துப் பாருங்கள், பிறகு டார்ச்சின் முன்னால் பிடித்துப் பாருங்கள். கைமரங்களை ஒவ்வொன்றாக எண்ணும்படியான நிழல் விழ, மேகத்தின் சுடரும் பகுதி சிறியதாக இருக்க வேண்டும், அதைச் சுற்றிய வானம் அதைவிட வெகுவாக மங்கியிருக்க வேண்டும், அந்த மேகம் காலைச் சூரியன் இருந்திருக்க வேண்டிய அதே திசையிலும் உயரத்திலும் நிற்க வேண்டும். ஒவ்வொன்றும் நடக்கலாம். எல்லாம் சேர்ந்து, கம்பிப் புள்ளியின் தற்செயலோடும் சேர்ந்து, ஒரே மாலையில் நடந்தன என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மெக்கபியின் கணக்கில் எனக்குள்ள தயக்கம் வேறொரு இடத்தில் இருக்கிறது. தட்டின் அடிப்பக்கம் எப்படிப்பட்ட பரப்பு என்ற ஓர் ஊகம் அதற்குள் இருக்கிறது. இதைச் சோதிக்க நானே ஒரு வேலை செய்தேன்.

மொட்டைமாடியில்

துணி காயப்போடும் கொடிக்கம்பியில் தங்கூஸ் நரம்பைக் கட்டி, ஓர் எவர்சில்வர் டப்பா மூடியைத் தொங்கவிட்டேன். உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய மூடி. ஐந்து மீட்டர் தள்ளித் தரையோடு உட்கார்ந்து, பழைய 120 ரோல் கேமராவில் மேல்நோக்கி எடுத்தேன். பக்கத்தில் துருப்பிடித்த தண்ணீர் டிரம் ஒன்றும் படத்துக்குள் வரும்படி வைத்தேன்.

நரம்பு நெகட்டிவில் தெரியவில்லை. லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தும் தெரியவில்லை. கணக்குப் போட்டால் காரணம் புரியும். 0.2 மில்லிமீட்டர் நரம்பு, 5 மீட்டர் தூரம், 100 மில்லிமீட்டர் குவியத் தொலைவுள்ள லென்ஸ் என்றால், ஃபிலிமில் அதன் அகலம் 0.004 மில்லிமீட்டர். எளிய லென்ஸ் பிரித்துக் காட்டக்கூடியது கிட்டத்தட்ட 0.03 மில்லிமீட்டர் வரைதான். நரம்பின் கருமை அந்த அகலத்துக்குப் பரவி, எட்டில் ஒரு பங்காக நீர்த்து, படத்தை உருவாக்கும் ஃபிலிமின் நுண்மணிகளுக்குள் முழுகிவிடும். நூல் தெரியவில்லை, அதனால் தொங்கவிடவில்லை என்ற வாதம் இதோடு போயிற்று.

இரண்டாவது, நடுவில் கட்டாமல் கொஞ்சம் ஓரமாகக் கட்டியதால் மூடி சாய்ந்து தொங்கியது. ட்ரென்ட் படத்தில் தட்டு சாய்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தவர்களுக்கு இது பழக்கமான காட்சியாக இருக்கும். பழைய வண்டியின் வட்டப் பின்பார்வைக் கண்ணாடியாக இருக்கலாம், கொண்டை அதன் தண்டு மாட்டும் இடமாக இருக்கலாம் என்று சிலர் சொன்னதுண்டு. எந்தப் பொருள் என்பதைப் படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல வழியில்லை, அந்தப் பந்தயத்தில் நான் இறங்கவில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். மூடியின் நிழல் பக்கம், டிரம்மின் நிழல் பக்கத்தைவிட நன்றாகவே வெளுத்திருந்தது. இரண்டும் எனக்கு ஐந்தாறு மீட்டர் தூரத்தில்தான் இருந்தன, நடுவில் காற்று ஒன்றும் செய்யவில்லை. பளபளப்பான உலோகம் தரையின் வெளிச்சத்தையும் தொடுவானத்தின் வெளிச்சத்தையும் வாங்கித் திருப்பி அனுப்பியது. நிழல் வெளுத்திருந்தால் தூரம் என்ற கணக்கு, பரப்பு எப்படிப்பட்டது என்று தெரிந்த இடத்தில்தான் நிற்கும்.

நூலைத் தேடியவர்கள்

கண்ணுக்குத் தெரியாத நூலைக் கணினி தேடலாம். ஒரு புள்ளியில் நூலின் கருமை மணிகளின் இரைச்சலுக்குள், அதாவது ஒழுங்கில்லாத புள்ளிச் சிதறலுக்குள், தொலைந்துவிடும். ஆனால் நூல் ஒரு கோடு. அந்தக் கோட்டின் சாய்விலேயே நூறு வரிசைப் பிக்சல்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுத்தால், இரைச்சல் பத்தில் ஒன்றாகக் குறையும், நூல் அப்படியே இருக்கும். என் மொட்டைமாடி நெகட்டிவை ஸ்கேன் செய்து இதைச் செய்தபோது, மூடிக்கு நேர் மேலே மெல்லிய பள்ளம் ஒன்று எழுந்து வந்தது. அதைப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிரான்ஸில் ஐபாக்கோ என்ற மென்பொருளை உருவாக்கிய குழு, 2013இல் ட்ரென்ட் படங்களில் இதே வழியைக் கையாண்டது. பொருளுக்கு மேலே நூல் இருந்ததற்கான தடம் கிடைப்பதாகவும், வடிவியல் கணக்கும் கம்பியிலிருந்து தொங்கிய சிறு மாதிரிக்கே பொருந்துவதாகவும் முடிவு சொன்னது. மெக்கபி பக்கம் நிற்பவர்கள் இதை ஏற்கவில்லை, அந்தத் தடம் இரைச்சலாகவும் இருக்கலாம் என்கிறார்கள். மங்கலான தடம் என்பது உண்மைதான். தனியாக அது மட்டும் இருந்தால் நானும் தயங்குவேன். ஆனால் அது தேடப்பட்ட இடம் தற்செயலானது இல்லை, கம்பிக்கும் தட்டுக்கும் நடுவில், ஹார்ட்மன் 1969லேயே விரல் வைத்த அதே இடம்.

என் முடிவும் எனக்குள்ள சங்கடமும்

பெரும்பாலும் இது கம்பியிலிருந்து தொங்கவிடப்பட்ட, உள்ளங்கை அகலப் பொருள். காலையில் எடுக்கப்பட்டது. இதுதான் என் முடிவு.

சங்கடம் ட்ரென்ட் தம்பதியரைப் பற்றியது. அவர்கள் இந்தப் படங்களால் பணக்காரர் ஆகவில்லை. தொண்ணூறுகளின் இறுதியில் இருவரும் காலமாகும்வரை சொன்னதை மாற்றவில்லை. ஈவ்லின் இதற்கு முன்பும் இப்படிப்பட்டவற்றைப் பார்த்ததாகவும் யாரும் நம்பவில்லை என்றும் 1950லேயே நிருபர்களிடம் சொல்லியிருக்கிறார். சந்தேகிப்பவர்கள் அதைப் போலிக்கான அறிகுறியாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது வேறு மாதிரி கேட்கிறது. சொன்னதை யாரும் நம்பாத ஒருவரின் குரல் அதில் இருக்கிறது. வீட்டில் விளையாட்டாகத் தொடங்கியது, வங்கிக் கண்ணாடிக்கும் அங்கிருந்து லைஃப் இதழுக்கும் போய்விட்டால், திரும்பிவர வழி எங்கே இருக்கிறது? இது என் ஊகம்தான். படத்தைப் பற்றி நிழலை வைத்துப் பேசலாம், மனிதரைப் பற்றிப் பேச நிழல் போதாது.

இருட்டறைக்காரனாக ஒரு ஏக்கம் இருக்கிறது. ஆராய்ந்தவர்கள் எல்லோரும் அந்த இரண்டு ஃபிரேமைத்தான் ஆராய்ந்தார்கள். ரோலில் அதற்கு முன்னால் என்ன இருந்தது, பின்னால் என்ன இருந்தது? அன்னையர் தினப் படங்களின் நிழல் எப்படி விழுந்திருந்தது? ஒரு சந்தேகப் படம் கைக்கு வந்தால் நான் முதலில் கேட்பது, இரண்டு பக்கமும் வெட்டாத முழு ரோலைத்தான். இந்த வழக்கில் அந்தக் கேள்வியை 1950 ஜூன் மாதத்திலேயே உள்ளூர்க் கடையில் கேட்டிருந்தால், அரை நூற்றாண்டு ஒளியளவைக்கு வேலை இருந்திருக்காது.

மெக்கபியின் மேகத்தை மட்டும் இன்றும் யாரும் சோதிக்கலாம். ஒரிகனின் அதே அட்சரேகையில், மே இரண்டாம் வாரம், சூரியன் மறைவதற்கு முன்னால், கிழக்கே திரண்ட மேகம் சுடரும் ஒரு மாலை வேண்டும். கிழக்கு பார்த்த ஒரு சுவர், மேலே நீட்டிய நாலு கைமரம், ஒரு ரோல் கருப்பு வெள்ளை ஃபிலிம். கைமரங்களை எண்ணும்படியான நிழல் அந்தச் சுவரில் விழுந்த படம் ஒன்றை, இரண்டு பக்கமும் வெட்டாத ரோலோடு யாராவது கொண்டுவந்தால், காலையில் எடுத்தது என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுக் கம்பியிலிருந்து மறுபடியும் தொடங்குவேன்.